பட்டியலில் ஒருவர், வீட்டில் நால்வர்



அமெரிக்காவில் பாலியல் குற்றத்துக்காகச் சிறை சென்றவர் விடுதலையாகும்போது அவர் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறுகிறது. பெயர் மட்டுமா? படம், குடியிருக்கும் முகவரி, வேலை செய்யும் இடம், ஓட்டுகிற வண்டியின் எண் எல்லாம் ஏறுகின்றன. பிறகு அவற்றில் பெரும்பகுதி யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வெளியாகிறது. இன்று அந்தப் பதிவேடுகளில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள்.

அந்த ஏழு லட்சம் பேருக்கும் தாய் உண்டு, தந்தை உண்டு. பலருக்கு மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு. அவர்கள் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். எந்த நீதிமன்றமும் அவர்களைத் தண்டிக்கவில்லை. ஆனால் பதிவேட்டில் இருக்கிற முகவரி அவர்களுடைய முகவரி. அந்த முகவரியில் வாழ்கிறவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதே இந்த உரையின் பொருள். குற்றத்தின் கொடுமையை எள்ளளவும் குறைத்துச் சொல்ல இந்தப் பேச்சு எழவில்லை. சட்டம் யாரைக் காக்க எழுந்ததோ, அந்தக் குழந்தைகளில் சிலரே அந்த வீட்டுக்குள்ளும் இருக்கிறார்கள் என்பதை எடுத்துச் சொல்லவே எழுந்தது.

இந்தச் சட்டங்கள் எப்படிப் பிறந்தன? துயரத்தில் பிறந்தன. 1989 அக்டோபர் 22 இரவு, மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் ஜோசப் என்னும் சிற்றூரில், ஜேக்கப் வெட்டர்லிங் என்ற 11 வயதுச் சிறுவன் தம்பியோடும் நண்பனோடும் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். முகமூடி அணிந்த ஒருவன் துப்பாக்கியைக் காட்டி அவனைக் கடத்திச் சென்றான். சிறுவனின் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாக, ஒவ்வொரு மாநிலமும் பதிவேடு வைத்தாக வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் 1994-இல் அவன் பெயரால் வந்தது. அதே ஆண்டு ஜூலை மாதம் நியூ ஜெர்சியின் ஹாமில்டன் நகரியத்தில் மேகன் காங்கா என்ற 7 வயதுச் சிறுமி எதிர்வீட்டுக்காரனால் கொல்லப்பட்டாள். அவன் முன்பே குழந்தைகளிடம் குற்றம் புரிந்து தண்டிக்கப்பட்டவன். இது தெரிந்திருந்தால் எங்கள் பிள்ளை உயிரோடு இருந்திருப்பாளே என்று அந்தப் பெற்றோர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எந்த அரசியல்வாதியால் பதில் சொல்ல முடியும்? ஏறத்தாழ மூன்று மாதங்களில் நியூ ஜெர்சி சட்டம் இயற்றியது. 1996-இல் அது நாடு முழுமைக்கும் மேகன் சட்டமாக வந்தபோது, பிரதிநிதிகள் சபையில் 418 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. இறந்த குழந்தையின் பெயர் தாங்கி வருகிற மசோதாவை எதிர்க்கும் துணிவு எவருக்கும் எளிதில் வராது. அதில் என்ன குறை, யாரை அது தவறுதலாகத் தாக்கும் என்று நிறுத்தி நிதானமாகக் கேட்கிற துணிவும் வராது.

2006-இல் வந்த ஆடம் வால்ஷ் சட்டம் இவை எல்லாவற்றையும் ஒருசேரக் கட்டி இறுக்கியது. குற்றங்களை மூன்று படிகளாகப் பிரித்தது. முதற்படிக்கு 15 ஆண்டுப் பதிவு, இரண்டாவதற்கு 25 ஆண்டு, மூன்றாவதற்கு வாழ்நாள் முழுவதும். மூன்றாம் படியில் இருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய் நிற்க வேண்டும். வீடு மாறினாலும் வேலை மாறினாலும் மூன்று அலுவல் நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் அதுவே தனிக் குற்றம். கூட்டாட்சிச் சட்டப்படி பத்தாண்டு வரை சிறை உண்டு. ஆகவே வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினாலும், முதலாளி கடையை மூடினாலும், அந்தக் குடும்பத்துக்கு அது வெறும் பணக்கஷ்டம் அன்று. நாள் தவறினால் வீட்டில் சம்பாதிப்பவர் மீண்டும் சிறைக்குப் போய்விடுவார்.

இது தண்டனையா, இல்லையா? அலாஸ்கா மாநிலத்திலிருந்து வந்த இந்தக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003-இல் விடை சொன்னது. வழக்குத் தொடுத்தவர்கள் மூவர். அவர்களில் இருவர் தண்டனை முடித்த ஆண்கள். மூன்றாமவர் அவர்களில் ஒருவருடைய மனைவி. சட்டம் பிறக்கும் முன்பே அந்த ஆண் தண்டனையை முடித்து வெளியே வந்துவிட்டார், மணம் செய்துகொண்டார். அவர் திருந்திவிட்டார் என்று ஒரு நீதிமன்றமே கண்டு, அவருடைய மைனர் மகளை அவர் பொறுப்பில் ஒப்படைத்தும் இருந்தது. ஒரு நீதிமன்றம் குழந்தையையே நம்பிக் கொடுத்த மனிதரை, பின்னால் வந்த சட்டம் ஊருக்கெல்லாம் அடையாளம் காட்டியது. பதிவேடு தண்டனை அன்று, உண்மைத் தகவலை வெளியிடும் நிர்வாக ஏற்பாடு மட்டுமே, ஆகவே பழைய குற்றங்களுக்கும் பொருந்தும் என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள். மூவர் மறுத்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பு நாட்டின் சட்டமானது.

தண்டனை அன்று என்று சொல்லிவிட்டால் வேறொரு விளைவும் வருகிறது. தண்டனை என்றால் அது குற்றத்துக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். வெறும் தகவல் என்றால் அளவு பார்ப்பதற்கு அதிக இடமில்லை. அந்தத் தகவல் அப்பாவிகள் மீது எப்படி விழுகிறது என்று பார்ப்பதற்கோ அறவே இடமில்லை. மனைவி அந்த வழக்கில் ஒரு தரப்பாகவே இருந்தார். அப்படியிருந்தும் அவருக்கு என்ன நேர்ந்தது என்பது தீர்ப்பின் மையத்துக்கு வரவில்லை.

முதலில் வீட்டை எடுத்துக்கொள்வோம்.

பள்ளி, பூங்கா, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றிலிருந்து இத்தனை அடி தூரத்துக்குள் பதிவானவர் குடியிருக்கக் கூடாது என்று பல மாநிலங்களும் ஊராட்சிகளும் விதி வைத்திருக்கின்றன. ஃப்ளோரிடா மாநிலச் சட்டம் சொல்வது 1,000 அடி. அது போதாது என்று மயாமி-டேட் மாவட்டம் 2005-இல் பள்ளிகளிலிருந்து 2,500 அடி என்று ஆக்கியது. நெருக்கமான நகரத்தில் அத்தனை பெரிய வட்டங்களை வரைந்தால் மீதி என்ன இருக்கும்? ஒரு பாலத்தின் அடி இருந்தது. மயாமியையும் மயாமி கடற்கரையையும் இணைக்கும் ஜூலியா டட்டில் பாலத்தின் கீழே கூடாரமும் தகரமுமாக ஒரு குடியிருப்பு உருவானது. உச்சத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே கிடந்தார்கள். சிலருடைய ஓட்டுநர் உரிமத்தில் முகவரி என்ற இடத்தில் அந்தப் பாலத்தின் பெயரே எழுதப்பட்டிருந்தது. இரவில் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்களா என்று அதிகாரிகள் வந்து சரிபார்த்தார்கள். 2010-இல் அந்தக் குடியிருப்பு அப்புறப்படுத்தப்பட்டது. விதி மட்டும் அப்படியே இருந்தது. ஆகவே பின்னர் ரயில் தண்டவாளத்தை ஒட்டி வேறோர் இடத்தில் கூடாரங்கள் முளைத்தன.

பாலத்தடியில் படுத்தவர்கள் எல்லாரும் வீடற்றவர்களா? அப்படிச் சொல்ல முடியாது. குடும்பம் இருந்தது, குடும்பத்துக்கு வீடும் இருந்தது, வீட்டுக்கு அருகே பள்ளியும் இருந்தது. குழந்தை உள்ள குடும்பம் பள்ளிக்கு அருகில் வீடு பார்ப்பது இயல்பு. அந்த இயல்பையே சட்டம் குற்றத்தின் எல்லையாக ஆக்கிவிட்டது. மனைவி அப்போது தேர்ந்தெடுக்க வேண்டியது இரண்டில் ஒன்று: வீட்டை விடுவதா, கணவனை விடுவதா?

ஏழைக் குடும்பத்துக்கு அந்தத் தேர்வும் இல்லை. 1998-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, வாழ்நாள் பதிவுக்கு உட்பட்ட ஒருவர் இருக்கிற குடும்பம் எதுவும் அரசு மானியக் குடியிருப்புக்குள் நுழைய முடியாது. குடும்பத்தில் ஒருவர் என்றாலும் மறுப்பு குடும்பம் முழுமைக்கும். அத்தகைய மானிய வீட்டில் ஏற்கெனவே வாழ்கிற தாய், விடுதலையாகி வரும் மகனைச் சேர்த்துக்கொள்ள விரும்பினால் தன் கூரையையே பணயம் வைக்க வேண்டும்.

சொந்த வீடு வைத்திருப்பவர் தப்பிக்கிறாரா? வட கரோலினாவில் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து லிண்டன், ராக்கஃப் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பதிவானவர் ஒருவர் குடிவந்தால், மிக அருகே, அதாவது ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் இருக்கிற வீடுகளின் விலை ஏறத்தாழ 4 விழுக்காடு விழுகிறது என்று அவர்கள் கண்டார்கள். அண்டை வீட்டார் முகம் சுளிப்பதில் அச்சமும் உண்டு. சேமிப்பு கரைகிறதே என்ற கணக்கும் உண்டு. இந்த இரண்டுக்கும் இலக்கு ஆவது வாசலில் தட்டுப்படுகிற மனைவியும் பிள்ளையும்.

அடுத்து வயிற்றுப்பாடு. பதிவானவர்களின் குடும்பத்தார் 584 பேரிடம் லெவென்சன், டியூக்ஸ்பரி என்ற ஆய்வாளர்கள் கேட்டுத் தொகுத்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கூற்று அது. எல்லாக் குடும்பத்துக்கும் அளவுகோலாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அவர்கள் சொன்ன துன்பங்களில் எது முதலிடம் பெற்றது என்பது கவனிக்கத் தக்கது. அவமானமா? அச்சமா? இரண்டும் இல்லை. வேலை கிடைக்காமையும் அதனால் வரும் பணமுடையுமே முதலிடம் பெற்றன. பதிவானவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அண்டை அயலாரின் மிரட்டலும் தொல்லையும் கூடுதலாக இருந்தன. பிள்ளைகளைச் சக மாணவர்கள் ஒதுக்கினார்கள். ஆசிரியர்களும் வேறுபடுத்தி நடத்தியதாகப் பலர் சொன்னார்கள். லூசியானாவில் அண்டை அயலாருக்கு அறிவிப்பு அட்டை அனுப்பும் செலவைப் பதிவானவரே ஏற்க வேண்டும். அவருக்கு வேலை இல்லையென்றால் அந்தக் காசு எந்தக் கையிலிருந்து வரும்? தன் மகனைப் பற்றி ஊருக்குச் சொல்லும் அட்டைக்குத் தாயே அஞ்சல்தலை வாங்க வேண்டியதாகிறது.

வீடு, வேலை என்று சொன்னோம். பிள்ளையின் பள்ளிக்கூட வாசலுக்குப் போவோம்.

மிச்சிகன் மாநிலம் 2006-இலும் 2011-இலும் தன் சட்டத்தை இறுக்கியது. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் பதிவானவர் குடியிருக்கக் கூடாது, வேலை செய்யக் கூடாது, காரணமின்றி நிற்கவும் கூடாது என்றது. பிள்ளையின் விளையாட்டுப் போட்டியைப் பார்ப்பது காரணமா, காரணமின்மையா? ஆசிரியரைச் சந்திக்கப் போகலாமா? விடை தெரியாத தந்தை போகாமலே இருந்துவிடுவார். போய்ச் சிறைப்பட்டால் யார் பொறுப்பு? 2016-இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தச் சட்டத்தை எடுத்துப் பார்த்தது. கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் தடை வட்டங்கள் எங்கெங்கே விழுகின்றன என்று காட்டும் வரைபடத்தைத் தீர்ப்புக்குள்ளேயே வைத்தது. இது தகவல் இல்லை, தண்டனையே என்றது. ஆகவே பழைய குற்றங்களுக்குப் பின்னோக்கிச் சுமத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2021-இல் மிச்சிகன் அந்தத் தடை வட்டங்களை நீக்கியது.

அலபாமா இன்னும் ஒரு படி மேலே போயிற்று. குழந்தை தொடர்பான பாலியல் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், தான் பெற்ற பிள்ளையோடுகூட ஓர் இரவு ஒரே வீட்டில் தங்கக் கூடாது என்று அங்கே சட்டம். அந்தப் பிள்ளை அப்போது பிறக்காமலே இருந்திருக்கலாம். குற்றத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். சட்டம் ஆளைப் பார்ப்பதில்லை, வகையைப் பார்க்கிறது. ஒரு தந்தை வழக்குத் தொடுத்தார். பிள்ளையோடு வாழ்வது அரசியல் சாசனம் காக்கும் அடிப்படை உரிமை, அதை இப்படி மொத்தமாகப் பறிக்க முடியாது என்று 2024-இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் சொன்னது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி எழும், எழ வேண்டும். சொந்தப் பிள்ளைக்கே தீங்கு செய்த தந்தையர் உண்டே, அவர்களை என்ன செய்வது? உண்டு, நிறைய உண்டு. அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பணியகம் 2000-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, காவல்துறைக்கு வந்த வழக்குகளில் பாதிக்கப்பட்ட சிறார்களுள் 93 விழுக்காட்டினருக்குக் குற்றவாளி முன்பே தெரிந்தவர். 34 விழுக்காட்டினருக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அப்படிப்பட்ட ஒருவரைப் பிள்ளையிடமிருந்து பிரித்துவைக்கக் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. பரோல் நிபந்தனை இருக்கிறது. அவை ஆளுக்கு ஆள் பார்த்துத் தீர்மானிக்கின்றன. பதிவேடு அங்கே என்ன செய்கிறது என்பதே கேள்வி. தந்தையின் பெயரும் படமும் வெளியாகின்றன. குற்றம் இன்னது, பாதிக்கப்பட்டவர் சிறுமி என்பதும் வெளியாகிறது. அந்த வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு சிறுமி. அவள் பெயர் எங்கும் இல்லை. ஆனால் தெருவில் யாருக்கும் தெரியாமல் இல்லை. எந்தக் குழந்தைக்காகச் சட்டம் வந்ததோ, அதே குழந்தையைச் சட்டம் காட்டிக் கொடுக்கிறது. இதை உணர்ந்துதான் நியூ ஜெர்சி, குடும்பத்துக்குள் நடந்த குற்றங்கள் சிலவற்றை இணையப் பட்டியலிலிருந்து விலக்கி வைத்தது. பல மாநிலங்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

ஒரு தாயின் நிலையில் நின்று பார்க்க வேண்டும். வீட்டுக்குள் நடந்ததைக் காவல் நிலையத்தில் சொன்னால் கணவனோ மூத்த மகனோ சிறைக்குப் போவான். அதற்கு அவள் மனம் துணிந்துவிடலாம். ஆனால் அதற்குப் பின் இருபத்தைந்து ஆண்டு, அல்லது ஆயுள் முழுவதும், பாதிக்கப்பட்ட மகளின் வீடே ஊருக்கு அடையாளமாகிவிடும் என்றால்? வாய் திறக்க அவள் தயங்க மாட்டாளா? தென் கரோலினாவில் சிறார் வழக்குகளை ஆராய்ந்தவர்கள், பதிவேட்டுச் சட்டம் வந்தபின் அரசு வழக்கறிஞர்களே சிறுவர்கள் மீதான வழக்குகளை முன்னெடுக்கத் தயங்கியதைக் கண்டார்கள். சட்டத்தை நடத்துகிறவர்களே தயங்கும்போது ஒரு தாய் தயங்குவதில் வியப்பில்லை.

சிறுவர்கள் என்றதும், ஆம், சிறுவர்களும் பதிவேட்டில் உண்டு. ஆடம் வால்ஷ் சட்டம் 14 வயதிலிருந்தே கடுமையான குற்றங்களுக்குப் பதிவைக் கோருகிறது. சில மாநிலங்கள் அதற்கும் கீழே போகின்றன. இதைப்பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2013-இல் தனி அறிக்கை வெளியிட்டது. இங்கே பெற்றோரே பதிவானவரின் குடும்பம். பாதிக்கப்பட்டது தங்கையாக இருந்தால் இரு தரப்பின் குடும்பமும் ஒன்றே. ஒரு பிள்ளையைத் தாத்தா வீட்டில் விட்டு, இன்னொன்றைத் தன்னோடு வைத்து, இரண்டு வீட்டுக்கும் தாய் நடந்துகொண்டே இருப்பாள்.

இந்தக் குடும்பங்களின் அச்சம் வெறும் கற்பனையா? 2006-இல் மெய்ன் மாநிலத்தில், இணையப் பதிவேட்டில் முகவரி தேடி வந்த ஓர் இளைஞன் ஒரே நாளில் இருவரைச் சுட்டுக் கொன்றான். கொல்லப்பட்டவர்களில் ஒருவருக்கு வயது 24. பத்தொன்பது வயதில், சட்டப்படியான வயதை எட்டாத தன் காதலியோடு உறவு கொண்டதற்காகத் தண்டிக்கப்பட்டவர். 2013-இல் தென் கரோலினாவில் ஒரு கணவனும் மனைவியும் பதிவானவர் ஒருவர் வீட்டுக்குள் புகுந்து அவரைக் கொன்றார்கள். அவர் மனைவியையும் கொன்றார்கள். அந்தப் பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருந்ததில்லை.

கொலை அரிது. அன்றாட முத்திரைகள் அரிதல்ல. ஜார்ஜியாவின் பட்ஸ் மாவட்டத்தில் 2018-இல், சிறுவர்கள் வீடு வீடாகப் போகும் ஹாலோவீன் நாளில், இனிப்புக் கேட்டு இங்கே வராதீர்கள் என்ற பலகையை ஷெரீஃபின் ஆட்கள் பதிவானவர்களின் வீட்டு முற்றங்களில் ஊன்றினார்கள். முற்றம் வீட்டிலுள்ள எல்லாருக்கும் உரியது. பலகையும் எல்லாரைப் பற்றியும் பேசியது. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது அரசு திணிக்கும் கட்டாயப் பேச்சு, கூடாது என்றது. லூசியானாவில் ஓட்டுநர் உரிமத்தில் ஆரஞ்சு நிற எழுத்தில் பாலியல் குற்றவாளி என்று அச்சிட்டார்கள். அது செல்லாது என்று 2020-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

கடல் கடந்த குடும்பங்களுக்கு இன்னொரு கதவு அடைபடுகிறது. சிறாருக்கு எதிரான குறிப்பிட்ட குற்றங்களில் தண்டிக்கப்பட்ட அமெரிக்கக் குடிமகன், வெளிநாட்டு மனைவியை அழைத்துக்கொள்ள மனுச் செய்ய முடியாதபடி ஆடம் வால்ஷ் சட்டம் தடுக்கிறது. மனைவிக்கு ஆபத்தில்லை என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் விருப்பில் முடிவு செய்தால் மட்டுமே விலக்கு. 2016-இல் வந்த சட்டப்படி அவர்களின் கடவுச்சீட்டிலும் குற்றக் குறிப்பு உண்டு. வெளிநாடு போக 21 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். தாய் இறந்த செய்தி 21 நாள் முன்னதாக வருமா?

இத்தனையும் குழந்தைகளைக் காக்கிறது என்றால் பொறுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பேச்சு. காக்கிறதா? அலாஸ்கா வழக்கின் தீர்ப்பு, மறுகுற்றத்தின் அபாயம் அச்சமூட்டும் அளவுக்கு உயர்ந்தது என்றது. அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு வழக்கில் இதே நீதிமன்றம் அந்த அளவை 80 விழுக்காடு வரை என்று குறித்திருந்தது. அந்த எண்ணின் வேரைத் தோண்டிய ஆய்வாளர்கள் 2015-இல் கண்டது என்ன? 1986-இல் ஒரு வெகுசன உளவியல் இதழில், சிகிச்சைத் திட்டம் நடத்திய ஒருவர் ஆதாரம் காட்டாமல் எழுதிய ஒரு வரி! அரசின் சொந்தக் கணக்கு வேறு. 30 மாநிலங்களில் 2005-இல் விடுதலையானவர்களை ஒன்பது ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், பாலியல் குற்றத்துக்காகச் சிறை சென்றவர்களில் மீண்டும் அதே வகைக் குற்றத்துக்குக் கைதானவர்கள் 7.7 விழுக்காடு. மற்றக் கைதிகளில் 2.3. கூடுதல்தான், ஆனால் 80 இல்லை. கைதாகாமல் தப்பியவர்கள் கணக்கில் வராததும் உண்மை. மின்னசோட்டா சிறைத்துறை 2007-இல் 224 மறுகுற்றங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. வசிப்பிடத் தடை இருந்திருந்தால் தடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்லத்தக்க ஒன்றுகூட இல்லை. பிரெஸ்காட், ராக்கஃப் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. காவல்துறை மட்டும் வைத்திருக்கும் பதிவேடு குற்றத்தைக் குறைக்கிறது. ஊருக்கு அறிவிப்பதோ, பதிவானவர்களிடையே மறுகுற்றத்தைக் கூட்டவும் செய்யலாம். வேலையும் வீடும் உறவும் போனவனுக்கு இழக்க ஒன்றும் மிச்சமில்லை என்பதே அவர்கள் தருகிற விளக்கம்.

வேறு வழி உண்டா? பிரிட்டனில் 1997 முதல் பதிவேடு உண்டு, ஆனால் பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. 2000-இல் ஒரு பத்திரிகை பெயர்களை வெளியிட்டபோது போர்ட்ஸ்மவுத்தின் பால்ஸ்குரோவ் பகுதியில் கலவரம் மூண்டு குடும்பங்கள் வீட்டைவிட்டு ஓடின. பின்னர் அங்கே வந்த ஏற்பாட்டின்படி, தன் பிள்ளையோடு பழகும் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிப் பெற்றோர் காவல்துறையிடம் கேட்கலாம். காவல்துறை ஆராய்ந்து அந்தப் பெற்றோருக்கு மட்டும் சொல்லும். வாழ்நாள் பதிவை மறு ஆய்வே இல்லாமல் வைத்திருப்பது மனித உரிமைக்கு முரண் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. இந்தியாவும் 2018 செப்டம்பரில் தேசியப் பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளத்தைத் தொடங்கியது. நாலே கால் லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளோடு தொடங்கிய அது சட்ட அமலாக்க அமைப்புகளின் கையில் மட்டும் இருக்கிறது. அதை ஊருக்குத் திறந்துவிட வேண்டும் என்று கேட்பவர்கள், அமெரிக்க வீடுகளில் நடந்ததை முதலில் படித்துவிட்டுக் கேட்பது நல்லது.

அமெரிக்காவிலும் சிறு அசைவு தெரிகிறது. மகனைப் பறிகொடுத்துச் சட்டம் கொண்டுவந்த ஜேக்கபின் தாயே, பதிவேடு அளவுக்கு மீறி விரிந்துவிட்டது என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பெரும்பாலான பாலியல் குற்றங்களுக்கு ஆயுள் பதிவு என்றிருந்த கலிஃபோர்னியா, 2021 முதல் பத்தாண்டு, இருபதாண்டு, ஆயுள் என்று மூன்றாகப் பிரித்தது. காலம் முடிந்தவர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அரசு வழக்கறிஞர் எதிர்க்கலாம். நீதிபதி முடிவு செய்வார். அந்த மனுவைத் தாக்கல் செய்ய வேண்டியவர் பதிவானவர் மட்டுமே. அதே முகவரியில் வாழும் மனைவியோ மகளோ தன் சார்பில் மனுக் கொடுக்க அந்தச் சட்டத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை.